மாடிவீட்டுக்காரரின் எட்டுக் கிளாஸ் டீ

மாடிவீட்டுக்காரருக்குச் சொந்தமாக மாடி கிடையாது. வாடகைக்கு இருப்பதும் தரைத்தளத்தில், இரண்டே அறை. ஆனாலும் வேலை நடக்கும் இடத்தில் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. இருபத்தாறு வருஷமாக டவர் கிரேன் ஓட்டுகிறார். காலை ஏழு மணிக்கு இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் ஏணியில் ஏற ஆரம்பித்தால், ஐம்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். ஏறினவர் சாயங்காலம்தான் இறங்குவார். கீழே நூற்றைம்பது பேர் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் அவரை மாடிவீட்டுக்காரர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்கள்.

கால்மேல் கால் போடவெல்லாம் அங்கே இடமில்லை என்பது வேறு விஷயம். ஒரு நாற்காலி, அதன் இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள், காலடியில் கண்ணாடி, தலைக்கு மேல் வேலை செய்தாலும் செய்யும் ஒரு மின்விசிறி. எடை காட்டும் திரை ஒன்று, காற்றின் வேகம் காட்டும் திரை ஒன்று. வலது கைப்பக்கம் ஒரு பிளாஸ்க். அந்தப் பிளாஸ்கில்தான் அவருடைய சந்தோஷமெல்லாம் இருந்தது. பத்து மணிக்கு ஒன்றும் மூன்று மணிக்கு ஒன்றுமாக, துணிப்பையில் வைத்துக் கயிற்றில் கட்டிக் கீழேயிருந்து ஏற்றுவார்கள். ஆக ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ் டீ. நல்ல கெட்டிப் பால், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு பாரத்தை இறக்கி அடுத்த பாரத்தைக் கட்டுகிற இடைவெளியில் அவர் குடிக்கும் நாலு வாய் டீக்கு ஈடு இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்று மனப்பூர்வமாக நம்பினார்.

அந்தப் பையைக் கயிற்றில் கட்டி ஏற்றுகிறவர் சிக்னல்காரம்மா. தரையில் நின்றுகொண்டு, எந்தப் பாரம் எங்கே போக வேண்டும், இன்னும் எவ்வளவு இறக்க வேண்டும் என்று வாக்கிடாக்கியில் சொல்வது அவர் வேலை. மாடிவீட்டுக்காரருக்குச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது தெரியாது. சிக்னல்காரம்மா சொன்னால் உண்டு. ஒன்பது வருஷமாக இந்த ஏற்பாடு. ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடைந்ததில்லை. அவர் இவரை 'அண்ணே' என்பார், இவர் அவரை 'தங்கச்சி' என்பார். உடன்பிறந்தவர்கள்கூட இவ்வளவு பேச்சைக் கேட்டு நடக்க மாட்டார்கள்.

மாடிவீட்டுக்காரரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பாரத்தின் எடையை எழுதும்போது கொக்கியின் எடை, சங்கிலியின் எடை, பெல்ட்டின் எடை எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு தடவை கம்பிக்கட்டு ஒன்றுக்குச் சங்கிலியின் எடையைச் சேர்க்காமல் காகிதம் வந்தது. எண்பது கிலோதான் வித்தியாசம். எஞ்சினியர் கீழே நின்று தாம் தூம் என்று குதித்தார். இவர் மெஷினை அணைத்துவிட்டு ஒரு கிளாஸ் டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சங்கிலி என்ன காத்துலயா செஞ்சிருக்கு? கிரேனுக்கு எல்லாம் பாரம்தான்" என்று வாக்கிடாக்கியில் ஒரே ஒரு வார்த்தை. காகிதத்தைத் திருத்தி எழுதின பிறகுதான் கொக்கி அசைந்தது.

இப்படிப்பட்டவருக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவரும் சிக்னல்காரம்மாதான். ஐம்பத்து மூன்று வயதுக்காரர், ஒரு ஷிஃப்டில் நாலு தடவை ஏணியில் இறங்கி ஏறினால் யாருக்குத்தான் தெரியாது. முதல் வாரம் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். இரண்டாவது வாரம் சிக்னல்காரம்மா வழிமறித்து நின்றார்.

"அண்ணே, தண்ணியும் குடம் குடமாக் குடிக்கறீங்க, இறங்கி இறங்கியும் ஓடறீங்க. எங்க அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. போய் ரத்தம் பாருங்க."

"மெடிக்கல் வரத்தான போகுது, அப்ப பார்த்துக்கலாம்."

"அதுல உங்களைக் கீழ இறக்கிடக் கூடாதுன்னுதான் இப்பவே சொல்றேன்."

வருஷத்துக்கு ஒரு முறை உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கிரேனில் ஏற விடுவார்கள். மாடிவீட்டுக்காரர் போனார். கூடவே அவர் வீட்டம்மாவும் போனார். வீட்டம்மா பொது நீச்சல்குளத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். குளத்துக்கு விடுமுறை நாள் என்பதால் வர முடிந்தது.

மருத்துவமனையில் இருந்தவர் சின்ன வயசு டாக்டரம்மா. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல சர்க்கரையோட மூணு மாசச் சராசரி எட்டு புள்ளி நாலு இருக்கு. ஏழுக்குக் கீழ இருந்தாத்தான் உங்க கம்பெனிக்கு நான் கையெழுத்துப் போட முடியும்" என்றார்.

மாடிவீட்டுக்காரர் பேரம் பேசிப் பார்த்தார். கண் நன்றாகத் தெரிகிறது, கை நடுங்கவில்லை, ஏணியில் இரண்டு இளைஞர்களை முந்திக்கொண்டு ஏறுகிறேன் என்றெல்லாம் சொன்னார். டாக்டரம்மா மசியவில்லை. ஆனால் ஒன்று செய்தார்.

"மூணு மாசத்துக்கு மட்டும் தற்காலிகமா எழுதித் தரேன். மாத்திரையும் தரேன். மாவுச்சத்தைக் குறைங்க. சாப்பாடு, குடிக்கறது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்குள்ள நிறுத்தப் பாருங்க. மூணு மாசம் கழிச்சும் ஏழுக்குக் கீழ வரலைன்னா நீங்க கீழ ஏதாவது வேலை பார்க்க வேண்டியதுதான். சரி, டீ எத்தனை குடிப்பீங்க?"

"எட்டு."

"சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூன்."

"மட்டமாவா, குமிச்சா?"

மாடிவீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், "குமிச்சு" என்று வீட்டம்மா போட்டுக் கொடுத்துவிட்டார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வியாதியில பாதி அந்தப் பிளாஸ்க்லதான் இருக்கு. சர்க்கரையை மட்டும் விட்டாப் பத்தாது. பாலுலயும் சர்க்கரை இருக்கு. ஆடை நீக்கின பாலுன்னாலும் அதேதான். அதையும் பாருங்க."

வீட்டம்மா மாத்திரை வாங்கப் போனார். மாடிவீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோனார் என்பதுதான் உண்மை. பள்ளிக்கூடம் முழுசாக முடிக்காத மனிதர். பந்தா பண்ணத் தெரியாது, நாலு பேர் நடுவில் பேச வராது. அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மட்டும் அவருக்கு ஒரு அந்தஸ்து இருந்தது. மூன்று டன் கான்கிரீட்டை ஒரு முட்டையை வைப்பதுபோல் வைக்கத் தெரிந்த கை அது. அந்தக் கையைக் கொண்டுபோய்க் கேட்டில் வண்டி நம்பர் எழுத வைத்தால் அவர் ஒரு வருஷம் தாங்க மாட்டார். இது அவருக்கும் தெரியும், வீட்டம்மாவுக்கும் தெரியும்.

அன்றைக்கே வீட்டில் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்தாகிவிட்டது. ரொட்டியும் உருளைக்கிழங்கும் போய் முட்டையும் மீனும் கீரையும் வந்தன. அதெல்லாம் அவருக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. தட்டில் எது விழுந்தாலும் சாப்பிடுகிற ஜாதி. டீதான் உயிரை வாங்கியது.

முதல் யோசனை கம்பி கட்டுகிற தோழர் ஒருவருடையது. "மாப்ள, ஓட்ஸ் பால்னு ஒண்ணு வந்திருக்கு. தானியத்துல எடுக்கறது. மாட்டுப் பாலே வேண்டாம்" என்றார். வாங்கினார்கள். டீயில் ஊற்றினால் சர்க்கரை போடாமலே இனித்தது. மாடிவீட்டுக்காரர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு அருமையான பொருளை இத்தனை நாள் கண்ணில் காட்டாமல் விட்டார்களே என்று நாலு நாள் புகழ்ந்தார். ஐந்தாம் நாள் விரலில் குத்திப் பார்க்கிற மெஷினை வீட்டம்மா வாங்கி வந்தார். ஓட்ஸ் பால் ஊற்றின டீ ஒரு கிளாஸ் குடித்த ஒரு மணி நேரத்தில் எண் எகிறியது. தானியத்தை அரைத்துப் பாலாக்கும்போது அதில் உள்ள மாவு சர்க்கரையாக உடைந்துவிடுகிறதாம். சர்க்கரை போடாமல் ஏன் இனிக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஓசியில் கிடைக்கிற இனிப்பை யார் யோசித்துக் குடிக்கிறார்கள்.

அடுத்து பாதாம் பால். இனிப்புச் சேர்க்காதது என்று அட்டையில் பார்த்து வாங்கியது. மாவுச்சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் கொதிக்கக் கொதிக்க இருந்த டீயில் அதை நேராக ஊற்றிப் பிளாஸ்கை மூடி அனுப்பியதில், மேலே போய்த் திறந்தபோது திரிதிரியாக மிதந்தது. "தங்கச்சி, டீக்குள்ள யாரோ பஞ்சு மெத்தையைக் கிழிச்சுப் போட்டிருக்காங்க" என்று வாக்கிடாக்கியில் புகார் வந்தது. அன்றைக்கு முழுக்க அவர் பாரம் தூக்கின வேகத்தைப் பார்த்துக் கீழே இருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

பிறகு கிரீம். டாக்டரம்மாவே சொன்னது. கொழுப்புதான் நிறைய, சர்க்கரை மிகக் குறைவு. இரண்டு ஸ்பூன் விட்டாலே டீ பொன்னிறத்துக்கு வந்து, நாக்கில் வழுவழுவென்று இறங்கியது. இதுதான் விடை என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. வீட்டில் எல்லோரும் என்றால் இரண்டு பேர். வீட்டம்மாவும் அதே டீயைத்தான் குடித்தார். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டு அடுப்பு மாதிரி கொதிக்கும். மூன்றாவது நாளே கிரீம் புளித்து, வயிறு கலங்கி, மறுபடியும் ஏணியில் ஓட்டம்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடையில் டீக்குப் போடுகிற வெள்ளைத் தூள் விற்கிறார்கள். கெடாது, கட்டாது, பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறலாம். உறைமேல் பெரிய எழுத்தில் 'சர்க்கரை 0' என்று போட்டிருந்தது. பக்கத்துத் தட்டிலேயே ஏதோ செடியின் இலையிலிருந்து எடுத்த இனிப்பு, சின்னச் சின்ன உறைகளில். அதிலும் சர்க்கரை இல்லை என்றுதான் போட்டிருந்தது. மேலே கொண்டுபோய்க் கலந்து குடித்தார். பழைய டீ அப்படியே திரும்பி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் இறங்கும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார் என்று சாட்சிகள் உண்டு. வீட்டம்மாவுக்கும் ஒரு பாக்கெட் வாங்கிப் போனார். விரலில் குத்திப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். இரண்டிலும் பூஜ்யம் என்று எழுதியிருக்கும்போது எதற்குக் குத்திக்கொண்டு.

ஆறாவது வாரம் டாக்டரம்மா நடுவில் ஒரு தடவை ரத்தம் பார்த்தார். எட்டு புள்ளி இரண்டு.

ரொட்டி இல்லை, கிழங்கு இல்லை, சர்க்கரை இல்லை. ஆறு வாரம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, வெறும் புள்ளி இரண்டுதான் இறங்கியிருக்கிறது. வீட்டம்மாவின் முகம் வெளிறிப்போனதை அவர் பார்த்தார். எனக்காக எவ்வளவு கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். இனி முடியாது, கேட்டில் வண்டி நம்பர்தான் என்று மனசு விட்டுப்போயிற்று.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அதிசயமாகக் கீழே இறங்கி வந்தார். கிரேனின் அடியில் சிமெண்ட் மேடையில் சிக்னல்காரம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாடிவீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "என் உடம்பே இப்படி போல, தங்கச்சி. இனிமே உனக்கு வேற ஆள்தான்" என்றார்.

சிக்னல்காரம்மா சாப்பாட்டு டப்பாவை மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அந்தத் தூளையும் இனிப்பு உறையையும் குடுங்க."

வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். பிறகு பாரத்தின் எடை எழுதுகிற காகிதத்தில் ஒன்றை உருவி, கிளிப் அட்டையில் மாட்டிக்கொண்டார். மேலே 'பாரத்தின் விவரம்' என்று இருக்கும் இடத்தில் 'டீ' என்று எழுதினார்.

"ஒரு ஸ்பூன் தூளுக்கு மாவுச்சத்து ரெண்டு கிராம். முதல்ல எழுதியிருக்கறதே குளுக்கோஸ் சிரப்பு. ஒரு கிளாஸுக்கு எத்தனை ஸ்பூன் போடறீங்க?"

"மூணு."

"மட்டமா?"

மாடிவீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"சரி, மூணுன்னே எழுதறேன். பாவமா இருக்கு. மூணு ரெண்டு ஆறு. எட்டு கிளாஸ். நாப்பத்தெட்டு. இந்த இனிப்பு உறை எத்தனை?"

"கிளாஸுக்கு ரெண்டு. ஆனா அது இலை, தங்கச்சி. இலையில என்ன இருக்கு?"

"இலை இதுல துளிதான் இருக்கு. மிச்சமெல்லாம் டெக்ஸ்ட்ரோஸாம், அதுவும் குளுக்கோஸ்தான். உறைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒண்ணுன்னு வெச்சுக்கறேன். பதினாறு." கூட்டிக் கீழே கோடு போட்டார். "அறுபத்து நாலு. டாக்டர் மொத்தத்துக்கும் சேர்த்துச் சொன்னது அம்பது. நீங்க இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடல அண்ணே, அதுக்குள்ள கிரேன் சாஞ்சிருச்சு."

மாடிவீட்டுக்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். அவர் கூட்டினாலும் அறுபத்து நாலுதான் வந்தது.

"முன்னாடி பெருசா போட்டிருக்கற எண்ணை மட்டும் பார்த்துட்டீங்க" என்றார் சிக்னல்காரம்மா. "இனிக்கறது கையளவு. அதைத் தூக்கிட்டு வர்ற சங்கிலி இருக்கே, அது எத்தனை கிலோன்னு பார்க்கல. வேற யாராவது எழுதிக் குடுத்திருந்தா மெஷினை அணைச்சிருப்பீங்க."

இந்த வார்த்தை அவரைச் சுட்டது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பாரத்தையும் சங்கிலி எடை சேர்க்காமல் தூக்காத மனிதர், தன் வாய்க்குள் போவதை மட்டும் உறையில் எழுதியிருந்த எண்ணை நம்பித் தூக்கியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட, உடம்பு கெட்டுப்போகவில்லை, கணக்குதான் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்ததில் அவருக்கு அழுகை வருகிற அளவு சந்தோஷமாக இருந்தது. கணக்கென்றால் திருத்திவிடலாம்.

அந்த மேடையிலேயே புதுத் திட்டம் உருவாயிற்று. கெட்டுப்போகிறது என்பதைத் தவிரக் கிரீமின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. கெடாமல் பார்த்துக்கொள்வது கீழே இருப்பவர்களுடைய வேலை. வீட்டம்மா காலையில் கிரீமை அளந்து, மருந்து பாட்டில் அளவு இருக்கும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றிக் கொடுப்பார். மாடிவீட்டுக்காரர் அதைச் சிக்னல்காரம்மாவிடம் ஒப்படைப்பார். சிக்னல்காரம்மா எஞ்சினியர் அறைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, பத்து மணிக்கு ஒரு குப்பியும் மூன்று மணிக்கு ஒரு குப்பியும் ஐஸ் சுற்றி, பால் கலக்காத டீப் பிளாஸ்கோடு கயிற்றில் ஏற்றுவார். குப்பிக்கு இரண்டு கிளாஸ். எட்டு கிளாஸ் நாலாகிவிட்டது. நாலுக்கும் சேர்த்து நாலு கிராம்தான் வந்தது. முதல் நாளே யாரோ ஒரு புண்ணியவான் குப்பியை எடுத்துத் தன் காபியில் ஊற்றிக்கொண்டதால், மறுநாள் முதல் குப்பிமேல் 'மருந்து' என்று ஒட்டப்பட்டது.

இனிப்பு விஷயத்தில் கொஞ்ச நாள் அல்லாடினார்கள். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாத ஒரு வெள்ளைத் துகள் இருந்தது. அது வாயில் ஜில்லென்று, பல் தேய்த்த கையோடு டீ குடித்த மாதிரி இருந்தது. தேனும் பழுப்புச் சர்க்கரையும் நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை வீட்டம்மா காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் அதே இலை இனிப்பு, ஆனால் தூள் சேர்க்காமல் வெறும் சொட்டு மருந்தாக விற்பது கிடைத்தது. மாடிவீட்டுக்காரர் பழைய பழக்கத்தில் ஆறு சொட்டு விட்டார். கசந்தது. நாலு விட்டார், ஒரு மாதிரி இருந்தது. இரண்டு சொட்டில் சரியாயிற்று. பிறகு ஒரு நாள் சொட்டுப் புட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனவர், மூன்றாவது கிளாஸ் முடிந்த பிறகுதான் அதைக் கவனித்தார்.

இதெல்லாம் நடக்கிற நாட்களில் மேலே உட்கார்ந்து அவர் யோசித்தது ஒன்றுதான். இரண்டு பெண்கள் தன் ஒருவனுக்காக இப்படி மெனக்கெடுகிறார்களே என்பதுதான். ஒருத்தி அளந்து ஊற்றுகிறாள், ஒருத்தி வெயிலில் ஐஸைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். தான் செய்வது குடிப்பது மட்டும்தான். பை மேலே வரும்போது கயிறு லேசாக ஆடும். அதைக் கைநீட்டி வாங்கும் ஒவ்வொரு தடவையும் தனக்கு வாய்த்த மனிதர்களை நினைத்து மனசு நிறைந்தது. ஒரு நாள் இறங்கியதும் சொல்லியே விட்டார்.

"தங்கச்சி, நீ அன்னிக்கு அந்தக் காகிதத்தை எடுக்கலைன்னா நான் போயிருப்பேன்."

"எனக்காகத்தான் எடுத்தேன். புது ஆள் வந்தா முதல்லேர்ந்து பழக்கணும். யாரால முடியும்?" என்று அவர் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். கண் மட்டும் சிரித்தது.

மூன்று மாதம் முடிந்தது. மாடிவீட்டுக்காரரும் வீட்டம்மாவும் மருத்துவமனைக்குப் போனார்கள். அவருக்கு முந்தின நாளிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் காட்டினார்.

"ஆறு புள்ளி ஒம்பது."

"ஏழுக்குக் கீழதான டாக்டர் இது?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

"கீழதான். மயிரிழையில. இப்படியே போங்க, விட்டுடாதீங்க." ஒரு வருஷத்துக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மாடிவீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். டாக்டருக்கு நன்றி சொன்னார், மேசைக்கு நன்றி சொல்லாத குறை. எழுந்து கதவு வரை போனபோது நர்ஸ் உள்ளே வந்தார்.

"அம்மா, உங்களோடதும் வந்துடுச்சு" என்று வீட்டம்மாவிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

"உன்னோடது என்னது?" என்றார் மாடிவீட்டுக்காரர்.

வீட்டம்மா காகிதத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "சொல்லலாமா?" என்று கேட்டார். வீட்டம்மா தலையாட்டினார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஒம்பது புள்ளி ஒண்ணு. இப்ப ஏழு புள்ளி நாலு. நல்லா இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம்தான்."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். மாடிவீட்டுக்காரர் இரண்டு பேருடைய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தன்னைவிட அதிகம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தனக்கு டீ அளந்திருக்கிறாள். ஆறாவது வாரம் வெளிறிய முகம் யாருக்காக என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"எப்ப பார்த்த?"

"அன்னிக்கு மாத்திரை வாங்கப் போனேன்ல. கூட வந்தவங்களுக்கும் பார்க்கறோம்னு நர்ஸம்மா விரலைப் பிடிச்சாங்க. எண்ணைப் பார்த்துட்டு, ரத்தமும் எடுத்தாங்க. எனக்கும் மாத்திரை குடுத்தாங்க. டிக்கெட் கவுண்டர்லயே வெச்சுப் போட்டுக்கறேன்."

"இத்தனை நாளா?"

"எனக்கு ஒருத்திக்குன்னா நான் இதெல்லாம் செஞ்சிருக்கவே மாட்டேங்க. கிரீம் அளக்கறது, சொட்டு எண்ணறது, எல்லாம் யாரு உட்கார்ந்து செய்யறது? ஏதோ இருக்கறதக் குடிச்சுட்டுப் போயிருப்பேன். உங்களுக்குன்னு செஞ்சதால கூடவே நானும் குடிச்சேன். உங்க புண்ணியத்துல நானும் பொழைச்சுக்கிட்டேன்."

நன்றி சொல்ல வேண்டியவர் தான் என்று நினைத்து வந்தவருக்கு, அந்த நன்றி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

மாடிவீட்டுக்காரர் கையில் இருந்த சான்றிதழைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஐம்பது மீட்டர் உயரத்தில், இவளைத் தனியாக விட்டுவிட்டு ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்.

"இறங்கியிருப்பேன்" என்றார்.

"அதான் சொல்லல" என்றார் வீட்டம்மா.